வெந்நீர் சரி, புகை எங்கே போகும்?

வேலூர் வேலப்பாடியில் எங்கள் வீட்டில் 11 பேர் இருக்கிறோம். மாமனார், மாமியார், மாமியாரின் அக்கா, நாங்கள் நான்கு பேர், கொழுந்தனார் வீட்டில் நான்கு பேர். முன்கட்டு ஓடு போட்ட பழைய வீடு. பின்கட்டு பிற்பாடு எழுப்பிய மாடி. மொத்தம் நான்கு குளியலறைகள். போன ஐப்பசியில் மழை பிடித்த வாரத்தில் மாடியிலிருந்த இரண்டு கரண்ட் ஹீட்டர்களும் அடுத்தடுத்து ஒழுக ஆரம்பித்தன. எங்கள் போர் தண்ணீரை ஒன்பது வருடம் தாங்கியதே பெரிது. கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்பு பாறையாகப் படிந்து கிடந்தது.

"இந்தத் தடவை வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஏற்பாடாகச் செய்துவிடலாம்" என்றார் கொழுந்தனார். அவருக்கு கேஸ் கீசர் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் சோலார் என்றார். மாமனாருக்குப் பழகிய கரண்ட் ஹீட்டர் போதும். பெரியம்மாவுக்கு (மாமியாரின் அக்காவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) பின்கட்டில் கிடக்கும் செம்பு பாய்லரைத் தவிர எதன் மேலும் நம்பிக்கையில்லை. இவற்றை ஒவ்வொன்றாக ஒன்றரை மாதம் விசாரித்துப் பார்த்தேன். லாங்கு பஜார் கடைகளில் நான் கேட்ட இடத்திலெல்லாம் விலை, லிட்டர், ஸ்டார் இவற்றைச் சொன்னார்கள். நான் முதலில் கேட்க நினைத்தது வேறு: இது எரிந்தால் அந்தப் புகை எங்கே போகும்? அந்தக் கேள்விக்கு ஏன் முதலிடம் கொடுத்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில், குடியாத்தத்தில் என் நாத்தனார் மகள் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர். குளிர் வருகிறது என்று வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கதவை உடைத்துத் தூக்கினோம். மருத்துவமனையில் முதலில் வலிப்போ என்று பார்த்தார்கள். கீசர் உள்ளே இருந்தது என்று சொன்ன பிறகுதான் ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்று வரை எனக்கு ஆறாதது ஒன்று. அதற்கு முன் ஒரு வாரமாகவே குளித்து வந்ததும் தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலையில் நீர் கோத்திருக்கும் என்று நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்று கேட்பார்கள். அந்த நாற்றம் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே எரிவாயுவில் கலக்கும் மெர்காப்டனுடையது. வாயு எரிந்து முடிந்தால் அதுவும் எரிந்துபோகும். பிறகு வரும் புகைக்கு மூக்கு உதவாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த ஒரு வாரத் தலைவலியும் குமட்டலும் இதன் எச்சரிக்கைதான். கவனிக்காமல் விட்டது ஒருநாள் மயக்கத்தில் முடிந்தது.

கேஸ் கீசர்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதன் நல்ல பக்கம் உண்மையிலேயே நல்லது. குழாயைத் திறந்த சில நொடிகளில் வெந்நீர். தொட்டி நிரம்பக் காத்திருக்க வேண்டாம், 11 பேர் வரிசையாகக் குளித்தாலும் தீராது. கரண்ட் போனாலும் ஓடும். பேட்டரித் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும் கீசர்களுக்கு மின்சாரமே தேவையில்லை. செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழி விடியலில் எங்கள் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.37 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) வெப்பம் வேண்டும். 11 வாளிக்கு 4 யூனிட் சொச்சம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. கீசர் அதில் 80 சதவீதத்தைத் தண்ணீரில் ஏற்றினால் ஒரு நாளைக்கு 400 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 35 நாள் வரும். கொழுந்தனார் ஆசைப்பட்டதில் தப்பில்லை.

இப்போது அதே கணக்கைக் காற்றின் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் சூடாக்கும் சாதாரண கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிவாயு குடிக்கும். வாளி நிரம்பியதும் மூடாமல், பத்து நிமிடம் ஓடவிட்டுக் குளித்தால் 150 கிராம். ஒரு கிலோ எரிவாயு சுத்தமாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஆக அந்தப் பத்து நிமிடத்துக்கு 2 கன மீட்டர். ஐந்தடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரக் குளியலறையில் இருப்பது மொத்தமே 9 கன மீட்டர்தான். கதவும் வெண்டிலேட்டரும் மூடியிருந்தால் ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அந்த அறையின் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கீசரே எடுத்துக்கொள்ளும். அடுத்தவர் உடனே உள்ளே போனால் பாதியை நெருங்கும். ஆக்ஸிஜன் குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிகிறது. நீலச் சுடர் மஞ்சளாகிறது. அரைகுறையாக எரிவதுதான் கார்பன் மோனாக்சைடு. பர்னரில் தூசி அடைத்தாலும், உள்ளே சூடேறும் செம்புத் தகடுகளில் கரி பிடித்தாலும் இதே கதைதான். புது கீசர் ஒன்றும் செய்யாது, பழசுதான் ஆபத்து என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காற்று கிடைக்காத இடத்தில் புதியதும் அதையேதான் செய்யும்.

அதனால் கேஸ் கீசர் வேண்டும் என்றால் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கம்பெனி என்பதை அல்ல. நெருப்புக்கு மூச்சு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத்தான். இதில் நான்கு வகை உண்டு.

புகைக்குழாயே இல்லாமல், மேலே உள்ள சந்து வழியாக அறைக்குள்ளேயே புகையை விடுவது முதல் வகை. நான் பார்த்த கடைகளில் அதிகம் இருந்தது இதுதான். குளியலறைக்குள் இதற்கு இடமே கிடையாது. பின்வாசலில், சன்ஷேடு போட்ட திறந்த சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். இரண்டாவது, மேலே ஒரு குழாய் வைத்து, சூடான புகை தானாக மேலே ஏறும் என்பதை நம்பி வெளியே விடுவது. மூன்றாவது, ஒரு சின்ன விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ளுவது. நான்காவதில் நெருப்பே ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கும். குழாய்க்குள் குழாயாக இரண்டு. ஒன்று வெளியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். வீட்டுக்குள் இருக்கும் காற்றை அது தொடுவதே இல்லை. வீட்டுக்குள் கேஸ் கீசர் வைத்தே தீர வேண்டும் என்றால் எனக்குச் சம்மதமான வகை இந்த நான்காவது ஒன்றுதான். இந்தக் கடைசி இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். ஆக "கரண்ட் போனாலும் ஓடும்" என்ற சிறப்பு அங்கே போய்விடுகிறது.

இரண்டாவது வகையில்தான் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு தப்பு நடக்க இருந்தது. முன்கட்டின் பழைய சமையலறையில் விறகடுப்புக் காலத்துச் செங்கல் புகைபோக்கி இன்னும் இருக்கிறது. அகலமானது, கூரைக்கு மேல் நான்கடி நிற்கிறது. பிளம்பர் அதைப் பார்த்ததும், "அம்மா, சுவரை உடைக்கவே வேணாம். கீசர் பைப்பை இதுக்குள்ள விட்டுட்டா புகை தானா மேல போயிடும்" என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. அன்றிரவு தம்பி போன் செய்தபோது சொன்னேன்.

என் தம்பி மிச்சிகனில் இருக்கிறான். பெரிய வீடு. அங்கே குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ் என்ற இயந்திரமும், வெந்நீர்த் தொட்டியும் நிலவறையில் பக்கத்துப் பக்கத்தில் எரிவாயுவில் ஓடும். அவனும் அதே மாதம் ஃபர்னஸை மாற்றிக்கொண்டிருந்தான். "அக்கா, அதை மட்டும் செய்யாதே. இங்கே அதற்கு அனாதை ஹீட்டர் என்றே ஒரு பெயர் இருக்கிறது" என்றான்.

அவன் விளக்கியது இது. அவனுடைய பழைய ஃபர்னஸ் 80 சதவீதத் திறன். மீதி 20 சதவீத வெப்பம் புகையோடு செங்கல் புகைபோக்கியில் ஏறும். அந்தச் சூட்டில்தான் புகைபோக்கி எப்போதும் வெதுவெதுப்பாக இருந்து, பக்கத்திலிருந்த வெந்நீர்த் தொட்டியின் மெலிந்த புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. புதிய உயர்திறன் ஃபர்னஸ் 96 சதவீதம். புகையிலிருக்கும் நீராவியைக்கூடக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் எடுத்துவிடுகிறது. மிஞ்சும் புகை இளஞ்சூடு. அது தானாக ஏறாது, அதனால் விசிறி வைத்துத் தள்ள வேண்டும். பிளாஸ்டிக் குழாய் தாங்குகிற சூடுதான் என்பதால், இரண்டு பிவிசி குழாய்களைப் பக்கச் சுவர் வழியாக வெளியே விட்டுவிடுகிறார்கள். ஒன்று காற்றுக்கு, ஒன்று புகைக்கு. சரி, ஃபர்னஸ் புகைபோக்கியை விட்டுப் போய்விட்டது. அங்கே தனியாக மிஞ்சுவது சின்ன வெந்நீர்த் தொட்டி. அதன் புகைக்கு அவ்வளவு பெரிய செங்கல் கூட்டைச் சூடாக்கும் சக்தி இல்லை. பாதி வழியில் ஆறிப்போகும். நீராவி செங்கலில் வேர்த்து, காரையை அரிக்கும். குளிரான நாளில் புகை மேலே ஏறாமல் திரும்பி வீட்டுக்குள் வழியும். சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் நிச்சயம் வழியும், ஏனென்றால் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். இருப்பதிலேயே சுலபமான வழி புகைபோக்கிதான்.

அவன் முன்னால் இருந்த வழிகள் மூன்று. புகைபோக்கிக்குள் தொட்டியின் அளவுக்கு ஏற்ற ஒல்லியான உலோகக் குழாய் இறக்குவது; விசிறி வைத்த வெந்நீர்த் தொட்டி வாங்கி அதையும் பக்கச் சுவர் வழியாக விடுவது; எரிவதே வேண்டாம் என்று மின்சாரத்துக்குப் போவது. பெரிய வீட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இயந்திரம் வீட்டின் நடுவில், வெளிச்சுவர் தூரத்தில். ஒவ்வொரு இயந்திரமும் குழாய் எவ்வளவு நீளம் போகலாம் என்று அளவு சொல்கிறது, ஒவ்வொரு வளைவும் பல அடிக் கூடுதல் நீளமாகக் கணக்கில் ஏறுகிறது. போகும் வழியெல்லாம் குழாய் இயந்திரத்தின் பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகையில் வடியும் தண்ணீர் தேங்கிக் குழாயை அடைத்துவிடும். அந்தத் தண்ணீர் அமிலம், சுண்ணாம்புக் கல் போட்ட டப்பா வழியாக விட்டுத்தான் சாக்கடையில் சேர்க்க வேண்டும். வெளியே குழாய் வாய் பனி குவியும் மட்டத்துக்கு மேலே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கடைசியில் அவன் விசிறி வைத்த தொட்டியை வாங்கிக்கொண்டு, புகைபோக்கியை மேலே மூடிவிட்டான். கரண்ட் இல்லாவிட்டால் விசிறி ஓடாதே என்று கேட்டேன். ஃபர்னஸும் கரண்ட் இல்லாமல் ஓடாது, அதனால் புதிதாக ஒன்றும் இழக்கவில்லை என்றான்.

பனி இங்கே இல்லை. ஆனால் அவன் சொன்ன மற்ற எல்லாம் வேலப்பாடிக்கும் பொருந்துகிறது. எங்கள் விறகடுப்புப் புகைபோக்கி கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்காகக் கட்டியது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் புகையோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அந்த மெலிந்த, ஈரமான புகை அத்தனை அகலமான செங்கலில் ஆறி, சுவர் ஊறி, கீழேதான் இறங்கும். அதோடு முன்கட்டுச் சமையலறையில் போன வருடம்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். பிளம்பரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, காரணத்தைக் கேட்டுக்கொண்டார்.

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, அதனால் கீசர் உள்ளே இருந்தாலும் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தானாக ஏறும் புகைக்குழாய் வைத்த கீசரும் ஃபேனும் ஒரே அறையில் இருந்தால் ஃபேன் அந்தப் புகையை உள்ளுக்கே இழுக்கும். பாதுகாப்பு என்று நினைத்து மாட்டுவதே எதிராக வேலை செய்கிற இடம் அது.

கரண்ட் ஹீட்டர்

இதில் புகை இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மூடிய குளியலறைக்குள் வைக்கத் தகுந்தது இது ஒன்றுதான். மற்றது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல எர்த், அந்த லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக். மூன்று குளியலறைகளில் 2 கிலோவாட் ஹீட்டர்களை ஒரே சமயம் போட்டால் 26 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் இது விளையாட்டல்ல. எங்களுடையது த்ரீ ஃபேஸ் என்பதால் பிரித்துப் போட முடிந்தது.

செலவு: நாளைக்கு 4 யூனிட் என்ற அதே கணக்கில், தொட்டியும் குழாயும் வெளியே விடும் சூட்டையும் சேர்த்தால் 5 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடுகிறது. நம்மூர் மின் கட்டணம் ஸ்லாப் கணக்கு. பெரிய குடும்பத்தில் ஏற்கெனவே மேல் ஸ்லாபில் இருப்பவர்களுக்கு இந்த 300 யூனிட்டும் அதிக விலையில்தான் ஏறும். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இது வேலூர். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது. ஐப்பசி முதல் மாசி வரை ஐந்து மாதம், அப்புறம் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், உடம்பு சரியில்லாதவர்களுக்கும். வெந்நீரின் தேவை அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்காக எவ்வளவு முதல் போடுவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

உப்புத் தண்ணீர்தான் இதன் எமன். தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றும். எங்கள் பழைய ஹீட்டர்கள் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கம்பியை மாற்றாமலே ஓடியிருக்கின்றன. கடினத் தண்ணீர் ஊர்களில் வருடத்துக்கொரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

சோலார்

மொட்டைமாடி இருக்கிறது, வெயில் இருக்கிறது. வேலூரில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். கடைக்காரர் 11 பேருக்கு 500 லிட்டர் என்றார். நான் வாளிக் கணக்கில் யோசித்தேன். 11 வாளி என்றால் 40 டிகிரியில் 220 லிட்டர். சோலார் தொட்டியில் 60 டிகிரி வெந்நீர் இருந்தால் அதில் சுமார் 100 லிட்டரை எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்தால் போதும். 200 லிட்டர் தொட்டியே தாராளம். ஷவரில் நின்று குளிக்கும் வீடு என்றால் இந்தக் கணக்கு மூன்று மடங்காகும். உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டையான செம்புத் தகடு வகையா, கண்ணாடிக் குழல் வகையா என்றால், எங்கள் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழல். தகடு வகையில் ஒல்லியான செம்புக் குழாய்களில் உப்பு அடைத்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு. குழலைக் கழற்றி, கழுவி, மாட்டலாம். அதிலும் போர் தண்ணீரை விடாமல், மாநகராட்சிக் குழாய்த் தண்ணீருக்கென்று இருக்கும் தனித் தொட்டியிலிருந்து இணைப்பு கொடுத்தோம்.

சோலாரிலும் மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. தொட்டியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆவிக்குழாய். சித்திரையில் யாரும் வெந்நீர் எடுக்காத நாட்களில் தொட்டி கொதிநிலைக்குப் போய்விடும். ஆவி அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எதிர்வீட்டில் காக்கை கூடு கட்டுகிறது என்று அதற்குத் துணி சுற்றி வைத்திருந்தார்கள், போய்ச் சொல்லி எடுக்கச் சொன்னேன். கோடையில் குழல்கள் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது எளிது. தண்ணீர் வற்றி, வெயிலில் காய்ந்த குழல்களுக்குள் பட்டப்பகலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டால் விரிசல் விடும். சாயங்காலம் ஆறிய பிறகு நிரப்ப வேண்டும்.

இதன் குறை இரண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில். வெந்நீர் தேவை ஆரம்பிக்கும் அதே நாட்களில் வெயில் இருக்காது. தொட்டிக்குள் ஒரு கரண்ட் காயில் வைத்துக்கொள்ளாமல் முடியாது. இரண்டாவது தூரம். மொட்டைமாடியிலிருந்து மாமனாரின் முன்கட்டுக் குளியலறை வரை 60 அடிக் குழாய். முக்கால் அங்குலக் குழாயில் அந்தத் தூரத்துக்கு நான்கரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அது வடிந்த பிறகுதான் வெந்நீர் வரும். விடியற்காலை நாலரை மணிக்கு எழும் 83 வயதுப் பெரியவரை அவ்வளவு நேரம் ஈரத்தரையில் நிற்க வைக்க எனக்கு மனமில்லை.

ஹீட் பம்ப்பையும் விசாரித்தேன். ஏசி செய்வதை எதிர்த்திசையில் செய்கிறது. வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் ஏற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், நம்மைப் போன்ற வெப்பமான ஊரில் அது இன்னும் நன்றாகவே ஓடும். புகை இல்லை. குளிர்ந்த காற்றும் கொஞ்சம் வடிதண்ணீரும்தான் வெளியே வரும். ஆனால் முதல் அதிகம், ஐந்து மாதத் தேவைக்கு எங்களுக்கு ஒத்துவரவில்லை. லாட்ஜ், விடுதி நடத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவின் பாய்லர்

செம்பு பாய்லரைத் தூக்கிப் போடச் சொன்னவர்களோடு நான் சேரவில்லை. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். அடுப்பின் மேல் அண்டா வைப்பதைவிட எவ்வளவோ சிக்கனமான அமைப்பு. நான்கு கொட்டாங்குச்சியும் கொஞ்சம் மட்டையும் போதும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும், சனிக்கிழமைகளில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் இன்றும் அதில்தான் வெந்நீர்.

அதன் கோளாறு அது நின்ற இடம். பின்கட்டுக் கொட்டகையின் கூரைக்குக் கீழேயே அதன் புகைக்குழாய் முடிந்துவிடும். புகை கூரையில் முட்டிச் சுருண்டு பெரியம்மாவின் முகத்துக்கே வரும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே 40 வருடம் தள்ளியிருக்கிறார். ஜிஐ குழாய் வாங்கி, கூரையைத் துளைத்து, மூன்றடி மேலே ஏற்றி, மழைத் தொப்பி வைத்தோம். ஒரு நாள் வேலை. முதல்முறை பற்றவைத்தபோது புகை நேராக மேலே போவதைப் பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாய்லரில் தழல் அடங்கிய பிறகு வரும் தணல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகை தெரியாது, ஆனால் தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட அந்தத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து, காற்று படக்கூடாது என்று அறையைச் சாத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். சாம்பிராணி போடுங்கள், கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துப் போடுங்கள். முடிந்ததும் சட்டியை வெளியே கொண்டுபோய் வையுங்கள். கொழுந்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வரும்போது இதை நான் நேரிலும் சொல்லப்போகிறேன்.

முடிவு செய்தது

ஒரே ஏற்பாடு என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். மாடிக் குளியலறைகள் இரண்டுக்கும், அவற்றுக்கு நேர் கீழே உள்ள பின்கட்டுக் குளியலறைக்கும் 200 லிட்டர் சோலார், உள்ளே 2 கிலோவாட் காயிலோடு. மூன்றும் ஒரே செங்குத்துக் குழாயில் வருவதால் தூரம் பிரச்சினையில்லை. மாமனாரின் குளியலறைக்கு மட்டும் 15 லிட்டர் கரண்ட் ஹீட்டர். நாலு மணிக்குப் போட்டால் அவர் எழுவதற்குள் தயார். சூடு அளவை 50 டிகிரியில் நிறுத்திவிட்டேன். வயதான தோல் சீக்கிரம் வெந்துவிடும். செம்பு பாய்லர் அதன் இடத்தில்.

கேஸ் கீசர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மழைக்காலத்தில் சோலார் காயில் நின்று, கரண்டும் போய்விட்டால் என்ன செய்வது என்று கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட நாளுக்கு பாய்லர் இருக்கிறது. உங்கள் வீட்டில் பாய்லர் இல்லை, மொட்டைமாடியும் இல்லை, வாடகைப் போர்ஷன், கேஸ் கீசரை விட்டால் வழியில்லை என்றால் அது வெளிச்சுவரில் இருக்கட்டும். கீசருக்கும் ஜன்னலுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் கணக்கில் சேர்த்தி. வருடத்துக்கு ஒருமுறை, மார்கழிக்கு முன்னாலேயே, பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சுடர் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மூச்சு மட்டத்தில் மாட்டுங்கள். எரிவாயுக் கசிவு அலாரம் வேறு, அது தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, ஏனென்றால் எரிவாயு காற்றைவிடக் கனம், கீழே தங்கும். ஒன்று இருந்தால் மற்றதற்கு ஆகாது.

இது எல்லாம் முடிந்த வாரம் குடியாத்தத்துக்குப் போயிருந்தேன். அவர்கள் கீசரைச் சம்பவத்தின்போதே கழற்றிவிட்டார்கள். ஆனால் பழைய வெண்டிலேட்டரில் அந்த அட்டை இன்னும் அப்படியே இருந்தது, அடுத்த அறையிலும் அப்படியே. நாத்தனாரும் நானும் ஸ்டூல் போட்டு ஏறி இரண்டையும் பிய்த்தெடுத்தோம். கொசுவுக்கு வலை அடிக்க அளவு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.